வெந்நீர் வராத டிரெய்லர்: ஹீட்டரையே மாற்ற வேண்டுமா?

ஏரிக்கரைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மிச்சிகனில் இருக்கிறோம். சென்ற இலையுதிர் காலத்தில், 2016ஆம் ஆண்டுத் தயாரிப்பான, வண்டிக்குப் பின்னால் இழுத்துச் சென்று தங்கும் 24 அடி டிரெய்லர் ஒன்றைப் பழையதாக வாங்கினோம். விற்றவரே குழாய்களில் இளஞ்சிவப்பு நிற ஆண்டிஃப்ரீஸை (குளிரில் உறையாத திரவம்) ஏற்றிக் குளிர்காலத்துக்கு ஆயத்தம் செய்து கொடுத்ததால், வண்டி ஆறு மாதம் வீட்டு முற்றத்தில் அப்படியே நின்றது. மே மாதக் கடைசியில் வரும் மெமோரியல் டே விடுமுறைக்கு ஹாலண்ட் மாநிலப் பூங்காவில் இடம் பதிவு செய்திருக்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மாவும் உடன் வருகிறார். காலையில் அவருக்கு வெந்நீர் இல்லாமல் ஆகாது. அதற்குள் இந்தப் பழுதைச் சரிசெய்ய வழி கேட்டே எழுதுகிறேன்.

நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். போன சனிக்கிழமை வீட்டு மின்சாரத்தையும் தோட்டத்துக் குழாயையும் வண்டியில் இணைத்து, உள்ளே இருந்த குழாய்களையெல்லாம் திறந்துவிட்டேன். இளஞ்சிவப்பு நீர் வடிந்து, பிறகு தெளிந்த தண்ணீர் வந்தது. வெந்நீர்ப் பக்கமும் தண்ணீர் நன்றாக வந்ததால் ஹீட்டர் தொட்டி நிரம்பிவிட்டது என்று நினைத்து, மின்சார ஹீட்டருக்கான சுவிட்சைப் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்தும் தண்ணீர் சில்லென்றே இருந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்த பலகையைக் கழற்றிப் பார்த்தபோதுதான், ஹீட்டருக்குப் பின்னால் மூன்று வால்வுகள் இருப்பதும், தண்ணீர் தொட்டிக்குள் நுழையாமலே சுற்றிக்கொண்டு போகும்படி அவை திருப்பி வைக்கப்பட்டிருப்பதும் தெரிந்தது. அவற்றை மாற்றித் திருப்பியவுடன் தொட்டிக்குள் தண்ணீர் கடகடவென்று இறங்கியது. அப்படியானால் அந்த ஒரு மணி நேரமும் காலித் தொட்டியில் மின்சாரம் ஓடியிருக்கிறது.

இப்போது மின்சாரத்தில் போட்டால் தண்ணீர் சிறிதும் சூடாவதில்லை, பிரேக்கரும் விழுவதில்லை. கேஸில் போட்டால் சுடர் நன்றாக எரிகிறது, ஆனால் அரை மணி கழித்துக் குழாயைத் திறந்தால் வெதுவெதுப்பான தண்ணீர்தான் வருகிறது. சமையலறை வெப்பமானியில் 88 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. தொலைபேசியில் விசாரித்த பழுதுபார்க்கும் கடையில், இரண்டு வழியிலும் சூடாகவில்லை என்றால் முழு ஹீட்டரையும் மாற்றுவதே நல்லது என்றார்கள். அது உண்மைதானா? இதற்கிடையே கழிப்பறைத் தொட்டிக்குப் பின்னாலும் சிறிது தண்ணீர் சொட்டுகிறது.

பழைய மெக்கானிக் எழுதியது:

தம்பி, ஹீட்டரை மாற்ற அவசரப்பட வேண்டாம். உங்களிடம் இருப்பது ஒரே பழுது அன்று. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு பழுதுகள் ஒரே நாளில் கண்ணில் பட்டதால் ஒரு பெரிய பழுதுபோலத் தெரிகின்றன. பதினெட்டு ஆண்டுகளாக இந்த வண்டிகளைப் பழுதுபார்க்கிறேன். ஏப்ரல், மே மாதங்களில் என்னிடம் வரும் ஹீட்டர்களில் பெரும்பாலானவை நீங்கள் செய்த அதே தவறால் வந்தவை.

முதலில் மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். இந்த ஹீட்டர்களில் தண்ணீரைச் சூடாக்கும் மின்கம்பிச் சுருளான ‘காயில்’ பெரும்பாலும் 1440 வாட் திறன் கொண்டது. தண்ணீருக்குள் இருக்கும்வரை அதில் பிறக்கும் சூட்டைத் தண்ணீர் உடனுக்குடன் வாங்கிக்கொள்ளும். காலித் தொட்டியில் அந்தச் சூட்டுக்குப் போக்கிடம் இல்லை. ஓரிரு நிமிடத்திலேயே காயில் பழுக்கக் காய்ந்து உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி அறுந்துவிடும். கம்பி அறுந்தால் மின்சாரம் ஓடாது. ஓடாததால் பிரேக்கரும் விழாது. ஆகவே காயில் போய்விட்டது என்றே நினைக்கிறேன், ஆனால் நினைப்பை நம்பி உதிரிபாகம் வாங்க வேண்டாம். வண்டியின் மின்கம்பியை வீட்டிலிருந்து கழற்றிவிட்டு, காயிலின் இரண்டு திருகுகளிலிருந்தும் வயர்களை எடுத்து, மல்டிமீட்டரை மின்தடை அளக்கும் ஓம் நிலையில் வைத்து அளந்து பாருங்கள். நல்ல காயில் என்றால் 10 ஓமுக்குப் பக்கத்தில் காட்டும். எதுவும் காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது என்று பொருள். ஒரு திருகுக்கும் தொட்டியின் உலோகத்துக்கும் இடையிலும் அளந்து பாருங்கள். அங்கே எதுவும் காட்டக் கூடாது. அதற்கு முன், வெளிக்கதவைத் திறந்தால் தெரியும் கறுப்பு ரப்பர் மூடிக்கு அடியில் உள்ள இரண்டு பொத்தான்களையும் அழுத்துங்கள். அளவு மீறிச் சூடானால் மின்சாரத்தை நிறுத்தும் காப்பு அங்கேதான் இருக்கிறது; அழுத்தும்போது டக்கென்று ஓசை கேட்டால், அது துண்டித்திருந்தது என்று அறியலாம்.

இனி கேஸுக்கு வருவோம். சுடர் பற்றி நின்று எரிகிறது என்பதே ஹீட்டரை இயக்கும் 12 வோல்ட் மின்பலகை, கேஸ் வால்வு, சூட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் மூன்றும் ஒழுங்காக வேலை செய்கின்றன என்பதற்குச் சான்று. 6 கேலன், அதாவது 23 லிட்டர் அளவுள்ள தொட்டி கேஸில் அரை மணிக்குள் நன்றாகச் சூடேறிவிடும். தொட்டியில் கொதிக்கக் கொதிக்க இருக்கும் நீர் குழாயில் வெதுவெதுப்பாக வருகிறதென்றால், நடுவில் எங்கோ பச்சைத் தண்ணீர் அதோடு கலக்கிறது. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஹீட்டருக்குப் பின்னால் இருக்கும் மூன்று வால்வுகளையும் மூடிவிட்டு, உள்ளே ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். வெந்நீர்ப் பக்கத்துக்குத் தண்ணீர் வர வேறு வழியே இல்லாததால் சிறிது வடிந்தபின் குழாய் நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடினால் கலப்பு இருக்கிறது. அப்படி ஓடினால் நான் முதலில் போய்ப் பார்க்கும் இடம், வண்டியின் வெளிப்பக்கத்தில் சிறு கதவுக்குள் இருக்கும் குளியல் குழாய்.

கழிப்பறைக்குப் பின்னால் சொட்டுவது, பிளாஸ்டிக் வால்வுக்குள் தேங்கிய நீர் உறைந்து அதை விரிசல் விட வைத்ததாக இருக்கும். பசை போட்டு ஒட்டாமல் வால்வையே மாற்றிவிடுங்கள், ஒட்டியது நிற்பதில்லை.

ஏரிக்கரைவாசி எழுதியது:

மிக்க நன்றி ஐயா. பொத்தான்கள் இரண்டையும் அழுத்தினேன். ஓசை எதுவும் இல்லை. காயிலை அளந்தபோது மீட்டர் அசையவே இல்லை. திருகுக்கும் தொட்டிக்கும் இடையிலும் எதுவும் காட்டவில்லை. ஆக, கம்பி அறுந்தது உறுதி.

மூன்று வால்வுகளையும் மூடி, சமையலறை வெந்நீர்க் குழாயைத் திறந்து ஐந்து நிமிடம் நின்று பார்த்தேன். தண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது! உடனே வெளியே ஓடிச் சிறு கதவைத் திறந்தேன். வெந்நீர், தண்ணீர் என்ற இரண்டு கைப்பிடிகளும் முழுவதும் திறந்தே இருந்தன. கையில் பிடிக்கும் குழாயின் தலையில் உள்ள சிறு பொத்தான் மட்டும் மூடியிருந்ததால் வெளியே ஒரு சொட்டும் வரவில்லை. விற்றவர் ஆண்டிஃப்ரீஸ் ஏற்றும்போது திறந்தவை அப்படியே இருந்திருக்கின்றன. நானும் அந்தக் கதவைத் திறந்தே பார்க்கவில்லை. இரண்டையும் மூடியவுடன் சமையலறைக் குழாய் நின்றுவிட்டது.

இனி காயிலை மாற்ற வேண்டும். அதை நானே செய்யலாமா?

பழைய மெக்கானிக் எழுதியது:

தாராளமாகச் செய்யலாம், அவசரம் மட்டும் கூடாது. உங்கள் ஹீட்டர் சபர்பன் நிறுவன வகையா, அட்வுட் நிறுவன வகையா என்று பாருங்கள். சபர்பன் என்றால் தொட்டி எஃகால் ஆனது. அடியில் ஒரு பெரிய திருகும் அதோடு சேர்ந்த நீண்ட மெக்னீசியத் தண்டும் இருக்கும். காயிலும் வெளிக்கதவு வழியாகவே கைக்கு எட்டும். அட்வுட் என்றால் தொட்டி அலுமினியம். தண்டு கிடையாது, பிளாஸ்டிக் அடைப்பான் இருக்கும், காயில் பின்புறத்தில், வண்டிக்கு உள்ளே இருக்கும்.

எந்த வகையானாலும் மின்கம்பியைக் கழற்றுங்கள், கேஸை மூடுங்கள், தொட்டி முழுவதும் ஆறும்வரை காத்திருங்கள். தோட்டத்துக் குழாயை மூடி, பம்பையும் நிறுத்தி, உள்ளே ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்து, பிறகு ஹீட்டரின் மேற்புறத்தில் இருக்கும் அழுத்தக் காப்பு வால்வின் நெம்புகோலைத் தூக்கி மிச்சமுள்ள அழுத்தத்தை வெளியேற்றுங்கள். அதன் பிறகுதான் அடித் திருகில் ஸ்பானரை வைக்க வேண்டும். சூடும் அழுத்தமும் இருக்கும்போதே அந்தத் திருகைக் கழற்றியவரின் முன்கையில் கொப்புளங்களைப் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு வரியை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

தண்டை வெளியே எடுத்ததும் அதன் நிலையையும் பாருங்கள். தண்ணீர் எஃகை அரிப்பதற்குப் பதிலாக மெக்னீசியத்தை அரிக்கும்படி செய்வதே அதன் வேலை. முக்கால் பங்கு கரைந்திருந்தால் புதியது போடுங்கள். காயிலைக் கழற்ற ஒன்றரை அங்குல சாக்கெட் வேண்டும். புதிய காயிலோடு வரும் ரப்பர் வாசரையே போடுங்கள், பழையதைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். தொட்டியை நிரப்பி, உள்ளே வெந்நீர்க் குழாயில் காற்றுத் தும்மல் இல்லாமல் ஒரே சீராகத் தண்ணீர் வந்து, காயிலைச் சுற்றிக் கசிவும் இல்லை என்று பார்த்த பிறகே மின்சாரம். வால்வுகள் சுற்றுவழியில் இருந்தாலும் குழாயில் தண்ணீர் வரும் என்பதை இந்த முறை பார்த்துவிட்டீர்கள். எனவே முதலில் வால்வுகள், பிறகு குழாய், கடைசியாகத்தான் சுவிட்ச்.

இன்னொன்று: அந்தக் காயில் மட்டுமே 12 ஆம்பியர் இழுக்கும். வீட்டுச் சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் அடாப்டர் போட்டுத்தான் வண்டியை இணைத்திருக்கிறீர்கள் என்றால், ஹீட்டர் ஓடும்போது மைக்ரோவேவைப் போடக் கூடாது.

ஏரிக்கரைவாசி எழுதியது:

ஆம் ஐயா, 15 ஆம்பியர் பிளக்தான். வண்டிக்கென்று 30 ஆம்பியர் பிளக் ஒன்று வைத்துத் தர எலக்ட்ரீஷியன் வியாழக்கிழமை வருகிறார்.

ஓஹையோக்காரர் எழுதியது:

இந்த இழையை நேற்றிலிருந்து படிக்கிறேன். நீங்கள் கடைசியாக எழுதிய வரியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்த எலக்ட்ரீஷியனை இன்றே கூப்பிட்டு, இதுபோன்ற டிரெய்லருக்கான 30 ஆம்பியர் பிளக் 120 வோல்ட் என்பதைச் சொல்லுங்கள்.

நான் மூன்று ஆண்டுகளுக்கு முன் 30 ஆம்பியர் என்று மட்டும் சொன்னேன். அமெரிக்க வீடுகளில் 30 ஆம்பியர் பிளக் என்றால் பெரும்பாலும் துணி உலர்த்தும் இயந்திரத்துக்கானது. அது 240 வோல்ட். வந்தவர் டிரெய்லர் பிளக் செருகக்கூடிய அதே வடிவ சாக்கெட்டைத்தான் சுவரில் வைத்தார், ஆனால் பின்னால் 240 வோல்ட் இணைப்பைக் கொடுத்துவிட்டார். நான் மீட்டரில் பார்த்தபோது 240 என்று காட்டியது. ஊரில் 230 வோல்ட்டிலேயே வளர்ந்த நமக்கு அந்த எண்ணைப் பார்த்தால் மனத்தில் எந்த உறுத்தலும் எழுவதில்லை. சரியாகத்தான் இருக்கிறது என்று செருகிவிட்டேன். ஏதோ பொரிவதுபோல ஓர் ஓசை, பிறகு கருகிய பிளாஸ்டிக் வாடை. மைக்ரோவேவ், பேட்டரியை மின்னேற்றும் கன்வெர்ட்டர், குளிர்பதனப் பெட்டியின் மின்பலகை ஆகிய மூன்றும் போயின. அவற்றை ஒவ்வொன்றாக மாற்றி முடிக்க அந்தக் கோடை முழுவதும் ஆனது.

அந்தச் சாக்கெட்டில் மூன்று துளைகள் இருக்கும்: சாய்வாக இரண்டு பட்டைத் துளைகள், ஓர் உருண்டைத் துளை. இரண்டு பட்டைத் துளைகளுக்கும் இடையில் 120 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். உருண்டைத் துளை பூமி இணைப்பு. அதற்கும் ஒரு பட்டைக்கும் இடையில் 120, மற்றொரு பட்டைக்கும் இடையில் பூஜ்யத்துக்குப் பக்கம் என்று வர வேண்டும். நான்கு துளைகள் கொண்ட 50 ஆம்பியர் பிளக் வேறு வகை. அதில் 240 இருப்பது முறைதான், அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஏரிக்கரைவாசி எழுதியது:

நேரத்தில் சொன்னீர்கள் அண்ணா. எலக்ட்ரீஷியனிடம் பேசினேன். "நல்ல வேளையாகக் கேட்டீர்கள், உலர்த்தும் இயந்திரத்துக்கு என்றே எண்ணியிருந்தேன்" என்றார்.

என்னுடையது சபர்பன் வகை. ஆறிய தொட்டியிலிருந்து தண்டைக் கழற்றியதும் தண்ணீரோடு வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புச் செதில்கள் வந்து விழுந்தன. கட்டைவிரல் தடிமனில் இருந்திருக்க வேண்டிய தண்டு, கரையான் அரித்த குச்சிபோல, நடுவில் ஓடும் கம்பியும் இரண்டு மூன்று சொரசொரப்பான கட்டிகளுமாக மிஞ்சியிருந்தது. தொட்டியை உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவியபின் காயிலைக் கழற்றினேன். அதன் வளைவு கறுத்து, ஓரிடத்தில் தீக்கொப்புளம்போல உப்பியிருந்தது. புதிய காயில் 10.1 ஓம் காட்டியது. புதிய வாசரும், மரையில் டெஃப்லான் டேப் சுற்றிய புதிய தண்டும் போட்டு, நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். மின்சாரத்தில் ஐம்பது நிமிடம் கழித்துச் சமையலறைக் குழாயில் 126 டிகிரி. கழிப்பறை வால்வையும் மாற்றிவிட்டேன், சொட்டு நின்றது.

பழைய மெக்கானிக் எழுதியது:

மகிழ்ச்சி தம்பி. காயில் உப்பியதோடு நின்று வெடிக்காமல் இருந்தது நல்லது; வெடித்திருந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து பிரேக்கரை விழச் செய்திருக்கும், நீங்களும் வயரிங்கில் பழுது தேடி அலைந்திருப்பீர்கள். அக்டோபரில் தொட்டியை வடிக்கும் அன்றே ஓர் அட்டையில் "தொட்டி காலி" என்று எழுதி, ஹீட்டர் சுவிட்சின் மேல் ஒட்டிவிடுங்கள்.

ஏரிக்கரைவாசி எழுதியது:

அட்டையை இப்போதே எழுதி வால்வுகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன் ஐயா. வியாழக்கிழமை வேலை முடிந்ததும், செருகுவதற்கு முன் அளந்தேன்: பட்டைகளுக்கு இடையே 121 வோல்ட். வெள்ளிக்கிழமை காலை புறப்படுகிறோம்.