சூடம் அடிச்சு சத்தியம் வாங்கிட்டாங்க. அம்மா ஓட்டு இனி அவங்களுக்குத்தானா?

மானாமதுரைக்காரன் | ஞாயிறு, இரவு 10.20

வணக்கம். சிங்கப்பூர்ல துவாஸ் பக்கம் டார்மிட்டரியில இருக்கேன், ஸ்காஃபோல்டிங் வேலை. ஊர்ல அம்மாவும் என் சம்சாரமும் மட்டும்தான். எங்க பஞ்சாயத்துத் தலைவர் பதவி எங்க எஸ்.சி. ஆளுகளுக்கு ஒதுக்கினது. எங்க தெருவுல டிகிரி முடிச்ச பொண்ணு ஒண்ணு நிக்கப்போறேன்னு சொன்னதுல இருந்து பிரச்சனை. மேலத்தெரு ஆளுக, தங்க தோட்டத்துல தண்ணி பாய்ச்சுற எங்க பெரியவர் ஒருத்தரை நிறுத்துறாங்க. ஜெயிச்சா கையெழுத்து அவரோடது, செக் புத்தகம் அவங்க வீட்டுல.

வியாழக்கிழமை ராத்திரி நாலு பேர் வீட்டுக்கு வந்துருக்காங்க. யாரும் கை ஓங்கலை, சத்தம் போடலை. அம்மாவோட வெங்கலத் தட்டையே எடுத்தாரச் சொல்லி, சூடத்தைக் கொளுத்தி, "அடிச்சு சத்தியம் பண்ணு ஆத்தா"ன்னு நின்னுருக்காங்க. அம்மா அடிச்சு அணைச்சிருச்சு. வீடியோ கால்ல கையைக் காட்டுச்சு, உள்ளங்கை நடுவுல கரி. கெளம்புறப்ப ஒருத்தர், "மகன் சிங்கப்பூர்ல நல்லா இருக்கானா? பத்திரம் எங்கிட்டதான பத்திரமா இருக்கு"ன்னாராம். நான் இங்க வர ஏஜென்ட் காசுக்கு நிலப் பத்திரத்தை வச்சது அவருகிட்ட. இன்னும் 80 ஆயிரம் பாக்கி.

சம்சாரம் அந்தப் பொண்ணுக்குத்தான் போடுவேங்குது. அம்மா சாமி குத்தமாயிரும்னு அழுகுது. யார் யாருக்குப் போட்டாங்கன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுருமா? யார்கிட்ட சொல்றது? மூணு நாளா தூக்கம் இல்லை.

மேலூரான் | ஞாயிறு, இரவு 11.05

தம்பி, முதல்ல அந்தப் பொண்ணைப் பாருங்க. எங்க பக்கத்து மேலவளவு பஞ்சாயத்துத் தலைவர் பதவியை 1996-ல இதே மாதிரி எஸ்.சி.க்கு ஒதுக்கினாங்க. பயத்துல மனுவை வாபஸ் வாங்கினாங்க, தேர்தல் தள்ளிப்போச்சு. கடைசியில முருகேசன் ஜெயிச்சார். 1997 ஜூன் 30, பஸ்ஸை மறிச்சு அவரையும் இன்னும் அஞ்சு பேரையும் வெட்டிக் கொன்னாங்க. நான் அப்ப பள்ளிக்கூடம். அதுக்கப்புறம் ரொம்ப நாள் அந்த ரூட் பஸ்ஸுல எங்கப்பா எங்களை ஏத்தலை. அதே மாதிரி ஒதுக்கின பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்துல 2006 வரைக்கும் ஒழுங்கா ஒரு தேர்தல் நடத்த முடியலை. நடந்தப்ப கலெக்டர் உதயச்சந்திரன் நேரா ஊருக்குள்ள போய்ப் பேசினார். அதனால மனுத் தாக்கலுக்கு அந்தப் பொண்ணு தனியாப் போகக்கூடாது. பாதுகாப்பு கேட்டு எஸ்.பி.க்கு முன்கூட்டியே எழுத்துல குடுக்கச் சொல்லுங்க, ரசீது வாங்கணும்.

ஈசூன் டீச்சர் | திங்கள், காலை 6.40

ஊரில் ஆசிரியையாக இருந்தபோது தேர்தல் பணி பார்த்திருக்கிறேன். அம்மா தலைவருக்குப் போடுவது இளஞ்சிவப்புச் சீட்டு. மறைப்புக்குள் முத்திரை குத்தி, மடித்துப் பெட்டியில் போட்டால் அதில் பெயர் கிடையாது. தெரு மொத்தமாக எந்தப் பக்கம் சாய்ந்தது என்று ஊகிப்பார்கள், அதை மறைக்க மாட்டேன். ஆனால் இன்னார் என்று தெரியாது.

அந்தச் சத்தியத்தைப் பற்றி: இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 171-ஐப் பாருங்கள். தெய்வக் கோபத்துக்கு ஆளாவாய் என்று ஒரு வாக்காளரை நம்பவைப்பதையே தகாத செல்வாக்கு என்று அதில் எழுதியிருக்கிறது. சூடம் அணைக்கச் சொன்னவர்கள்தான் குற்றவாளிகள், உங்கள் அம்மா இல்லை. எஸ்.சி. வாக்காளரை இன்னாருக்குப் போடு என்று மிரட்டுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் வரும். உள்ளாட்சித் தேர்தலுக்கு மாநிலத் தேர்தல் ஆணையம், மாவட்டத்தில் கலெக்டர். வந்த நாள், நேரம், நாலு பேர் பெயர், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் இன்றைக்கே உங்கள் மனைவி எழுதி வைக்கட்டும்.

தேக்கா மாமா | திங்கள், மதியம் 1.15

நான் இங்கேயே பிறந்தவன். இங்கேயும் ஓட்டுச் சீட்டில் வரிசை எண் உண்டு, அதைப் பார்த்து எங்க அப்பா வாழ்நாள் பூரா பயந்தார். எண்ணி முடிச்ச சீட்டை உச்ச நீதிமன்றப் பெட்டகத்தில் ஆறு மாசம் பூட்டிவச்சு அழிச்சிடுறாங்கன்னு எத்தனையோ தடவை சொல்லியும் நம்பலை. பயம் அப்படிப்பட்டது தம்பி, அம்மாவை வையாதீங்க. என் கண்ணுக்குப் பெரிசாத் தெரியிறது அந்தப் பத்திரம்தான். 80 ஆயிரம்னா ஆயிரத்து இருநூறு வெள்ளி பக்கம் வரும். கூட இருக்கிற பையன்களோட சீட்டு கட்டியாவது தேர்தலுக்கு முன்னாடி மீட்டுடுங்க.

மானாமதுரைக்காரன் | திங்கள், இரவு 11.30

ரூம் பசங்க அஞ்சு பேர் ஆளுக்கு 200 வெள்ளி தர்றேன்னுட்டாங்க. மிச்சம் என் ஓவர்டைம் காசு. சம்சாரம் நாலு பேர் பேரையும் நோட்டுல எழுதிருச்சு. டீச்சர் சொன்னதை அம்மாவுக்கு நிறுத்தி நிறுத்தி வாசிச்சேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "அப்ப அந்தச் சூடம் செல்லாதாய்யா?"ன்னு கேட்டுச்சு. செல்லாதும்மான்னேன். மறுபடியும் ஒருதடவை கேட்டுச்சு.