புற ஊதா விளக்கு தண்ணீரிலுள்ள ஹார்மோன்களை அழிக்குமா?

கேள்வி:
கருத்தடை மாத்திரைகளிலுள்ள எத்தினைல் எஸ்ட்ராடையால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன் கழிவுநீர் வழியே நீர்நிலைகளைச் சேர்கிறது. கனடாவின் ஒண்டாரியோவில் 2001 முதல் 2003 வரை ஓர் ஏரியில் லிட்டருக்கு 5, 6 நானோகிராம் அளவில் அதைக் கலந்து ஆராய்ந்தபோது, ஆண் மீன்கள் பெண்தன்மை அடைந்து, ஒரு சிறு மீனினம் அங்கு ஏறத்தாழ அற்றே போனது. எங்கள் வீட்டுச் சுத்திகரிப்புக் கருவியில் புற ஊதா விளக்கு இருக்கிறது. கிருமிகளைக் கொல்லும் அந்த ஒளி இந்த ஹார்மோனையும் சிதைத்துவிடும் என்று நம்பலாமா?

பதில் 1:
நம்ப இயலாது. கிருமியின் டிஎன்ஏவில் ஆங்காங்கே பழுது ஏற்பட்டாலே அதனால் பெருக முடியாது. அதற்குச் சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல் ஒளி பொதுவாகப் போதும். ஹார்மோனோ உயிரற்ற மூலக்கூறு. ஒவ்வொன்றும் தனித்தனியே ஒளியை உறிஞ்சி உடைந்தாக வேண்டும். சாதாரணப் பாதரச விளக்கு 254 நானோமீட்டரில் ஒளிர்கிறது. இந்த ஹார்மோன் நன்றாக உறிஞ்சுவதோ 280 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை. உறிஞ்சிய ஒளியிலும் சிறு பங்கே மூலக்கூறை உடைக்கிறது.

பதில் 2:
மேலே சொன்னது சரி. அதனால்தான் பெரிய நீர் நிலையங்களில் ஒளியோடு ஹைட்ரஜன் பெராக்சைடையும் சேர்க்கிறார்கள். புற ஊதா ஒளி பட்டதும் அது பிளந்து ஹைட்ராக்சில் ரேடிக்கல்கள் என்ற, எதனோடும் விரைந்து வினைபுரியும் துகள்களாகிறது. அவை எதிர்ப்படும் கரிமப் பொருளையெல்லாம் தாக்கும். நெதர்லாந்தின் ஆண்டைக் குடிநீர் நிலையத்தில் 2004 முதல் இம்முறை நடைமுறையில் உள்ளது. அங்கே முதன்மை இலக்கு பூச்சிக்கொல்லிகள்தாம் என்றாலும் அளவைப் பாருங்கள்: லிட்டருக்கு 6 மில்லிகிராம் பெராக்சைடு, சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 540 மில்லிஜூல் ஒளி. மிஞ்சும் பெராக்சைடைக் கிளர்வுற்ற கரிப் படுகை நீக்குகிறது. இந்த ஹார்மோன் மூலக்கூறை முழுவதுமாக எரித்துத் தீர்க்க வேண்டியதில்லை என்பது நமக்கு ஓர் ஆறுதல்; உடல் செல்களில் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பியில் பொருந்துவது அதன் ஃபீனால் வளையம் என்ற பகுதி, அது சிதைந்தாலே ஹார்மோன் வீரியம் பெரும்பாலும் போய்விடும்.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் மருந்துக்கடைப் பெராக்சைடைக் கருவியில் சிறிது ஊற்றலாமா?

பதில் 3:
வேண்டவே வேண்டாம். வீட்டு விளக்கின் ஒளி போதாது. பெராக்சைடு அப்படியே தங்கி, குடிப்பவர் வயிற்றுக்குப் போகும். தவிர, நீரிலுள்ள பைகார்பனேட்டும் கரிமப் பொருள்களும் ரேடிக்கல்களை முந்திக்கொண்டு விழுங்கிவிடும். கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் 2008 முதல் கழிவுநீரை மீட்கும் நிலையத்தில் இவற்றை ஆர்.ஓ. சவ்வு நீக்கிய பிறகு, தெளிந்த நீருக்கே இந்த ஒளியைக் காட்டுவது அதனால்தான். உங்கள் கருவியில் ஆர்.ஓ. சவ்வு இருந்தால், ஹார்மோனைத் தடுக்கும் பெரும்பணி அதனுடையது. விளக்கைக் கிருமிகளுக்கென்று விட்டுவிடுங்கள்.