வெளியிட்ட சுற்றுப்படத்தை நீக்கிவிடலாமா?

கேள்வி (மதுரையிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். ஆறு மாத காலம் மாலை நேரங்களில் உட்கார்ந்து, ஒலி சிக்னலைப் பெருக்கும் எல்எம்3886 என்ற ஐசியைக் (சில்லு) கொண்டு ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் செய்து முடித்தேன். 24-0-24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், நானே வரைந்த பிசிபி (பாகங்களைப் பொருத்தும் பலகை), 8 ஓம் ஸ்பீக்கர்கள் என்று எல்லாம் அமைந்த பிறகு, சுற்றுப்படத்தையும் பிசிபி வரைவையும் உள்ளே எடுத்த புகைப்படங்களையும் இரண்டு வாரங்களுக்கு முன் இங்கே பொதுவில் வைத்தேன். புதிதாகத் தொடங்குபவர்கள், மின்னணுக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் பொருட்களைக் கொண்டே இதைச் செய்துகொள்ள வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நோக்கம் இருக்கவில்லை.

வந்த பதில்கள் என்னை மிகவும் வருத்தின. ஒருவர் "இது ஆம்ப்ளிஃபையர் இல்லை, டிரான்ஸ்மிட்டர்" என்று ஒரே வரி எழுதிவிட்டுப் போய்விட்டார். இன்னொருவர் பிசிபி வரைவைக் குப்பை என்றார். மூன்றாமவர், இரும்புப் பெட்டிக்கு எர்த் கொடுக்காத படத்தை வெளியிடுவதே பொறுப்பற்ற செயல் என்று கடிந்துகொண்டார். நான்காமவர், ஐசி ஆம்ப்ளிஃபையர்களின் ஒலியில் உயிர் இருக்காது என்றார்.

என் காதுக்கு அது நன்றாகவே ஒலிக்கிறது. ஃபீட்பேக்கில் (வெளியீட்டின் ஒரு பங்கை உள்ளே திருப்பும் பகுதி) 10 கிலோ ஓமும் 2 கிலோ ஓமும் போட்டு கெயினை, அதாவது பெருக்கும் மடங்கை, 6 ஆகக் குறைத்தது, இரைச்சல் குறைய வேண்டும் என்று யோசித்து எடுத்த முடிவு. எர்த்தை இணைத்தால் ஸ்பீக்கரில் ஹம் (ரீங்காரம்) வந்ததால்தான் அதைக் கழற்றினேன். ஆறு மாத உழைப்பை ஆறு நிமிடங்களில் தள்ளிவிடும் இடத்தில் எதற்காகப் பகிர வேண்டும் என்று தோன்றுகிறது. படங்களை நீக்கிவிடலாமா, அல்லது ஒவ்வொருவருக்கும் விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் (கோயம்புத்தூரிலிருந்து)

நண்பரே, அந்தப் பதில்களை நானும் படித்தேன். எழுதிய முறை நன்றாக இல்லை என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் "டிரான்ஸ்மிட்டர்" என்று எழுதியவர் உங்களைக் கேலி செய்தார் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர் சொன்னது ஒரு பழுதின் பெயர். உங்கள் சுற்று, நமக்குக் கேட்காத உயர் அதிர்வெண்ணில் தானாகவே அலைவுற்றுக்கொண்டிருக்கக்கூடும் என்பதைத்தான் அவர் அவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார்.

எல்எம்3886 ஐசியின் டேட்டாஷீட் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்), கெயின் 10 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் அது நிலையாக இயங்கும் என்கிறது. கெயினைக் குறைப்பது என்றால் வெளியீட்டிலிருந்து உள்ளே திரும்பும் பங்கைக் கூட்டுவது என்று பொருள். காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் அந்தப் பங்கு பிழைகளைத் திருத்துகிறது. அதற்கு வெகு மேலே, ஐசிக்குள் ஏற்படும் தாமதத்தால், எதிர்த்து நிற்க வேண்டிய அதே பங்கு உள்ளீட்டுக்குத் துணைபோகத் தொடங்குகிறது; அங்கே அலைவு பிறக்கிறது. பாட்டு நன்றாகவே கேட்கும். ஐசி மட்டும் காரணமில்லாமல் சூடாகும். காது நல்ல கருவிதான் என்றாலும் இந்தப் பழுதை அதனால் கண்டுபிடிக்க முடியாது.

அலைவடிவத்தைக் காட்டும் ஆஸிலாஸ்கோப் இல்லை என்றாலும் சோதிக்கலாம். பிளஸ் சப்ளைக் கம்பியில் ஒரு சேனலுக்கு 1 ஓம் மின்தடையைத் தொடராகப் போட்டு, பாட்டு எதுவும் ஓடாதபோது அதன் குறுக்கே மில்லிவோல்ட் பாருங்கள். இந்த ஐசி சும்மா இருக்கும்போது எடுக்கும் மின்னோட்டம் வழக்கமாக 50 மில்லிஆம்பியர் அளவில் இருக்கும். மின்தடை 1 ஓம் என்பதால் 50 மில்லிவோல்ட்டை ஒட்டி வர வேண்டும். அதைப் போல இரண்டு மூன்று மடங்கு வந்தால் சுற்று அலைவுறுகிறது என்றே கொள்ளுங்கள். சப்ளையை அணைத்தவுடன் வெளியீட்டில் அலைவைத் தடுக்க வைக்கும் ஜோபெல் மின்தடையைத் தொட்டுப் பாருங்கள். பாட்டே ஓடாதபோது அது சுட்டால் வேறு சாட்சி தேவையில்லை.

பிசிபி பற்றிய குறையும் இதோடு சேர்ந்ததுதான். புகைப்படத்தை அளந்து பார்த்தேன். டீகப்ளிங் மின்தேக்கிகள் ஐசியிலிருந்து ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் தள்ளி இருக்கின்றன. ஒரு மில்லிமீட்டர் தடத்துக்குச் சுமார் ஒரு நானோஹென்றி இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் சட்டென்று மாறுவதைத் தடுக்கும் தன்மை) என்று கணக்கிட்டாலே, அவசரத் தேவைக்கு மின்னோட்டம் தரவேண்டிய மின்தேக்கிக்கும் ஐசிக்கும் நடுவில் 70 நானோஹென்றி குறுக்கே நிற்கிறது. ஐசிக்குச் சப்ளை வரும் 1, 5, 4 ஆகிய கால்களை ஒட்டியே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக்கும், பக்கத்தில் 100 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக்கும் வையுங்கள். ஃபீட்பேக்கில் 20 கிலோ ஓமும் 1 கிலோ ஓமும் போட்டால் கெயின் 21 ஆகும். சத்தம் கூடுதலாகத் தோன்றினால் வால்யூம் கண்ட்ரோலுக்கு முன் இரண்டு மின்தடைகளால் சிக்னலைப் பகிர்ந்து குறைத்துக்கொள்ளலாம்.

எர்த் பற்றிச் சொன்னவருக்கு முதலில் நன்றி சொல்லுங்கள். அவர் இன்னும் பத்து மடங்கு கடுமையாக எழுதியிருந்தாலும் அதையே சொல்வேன். டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரியின் காப்பு ஒரு நாள் கெட்டால் 230 வோல்ட் அந்தப் பெட்டியின் மேல் வந்து நிற்கும். ஈரக் கையோடு வால்யூமைத் திருப்புவது உங்கள் வீட்டுக் குழந்தையாக இருக்கலாம். ஹம்முக்கான மருந்து எர்த்தைக் கழற்றுவது ஆகாது. பெட்டியை எர்த்தோடு ஸ்க்ரூ போட்டு இறுக்கமாக இணையுங்கள். சிக்னல் கிரவுண்டைப் பெட்டியோடு நேரடியாக இணைக்காமல், 10 ஓம் மின்தடையும் அதற்கு இணையாக எதிரெதிர் டயோடுகளும் வழியாக இணையுங்கள். வடிகட்டி மின்தேக்கிகளின் நடுப்புள்ளியை ஒரே இடமாக வைத்து எல்லாக் கிரவுண்டையும் அங்கே கொண்டுவாருங்கள். பிறகும் ஒலி மிஞ்சினால் அது 50 ஹெர்ட்ஸா 100 ஹெர்ட்ஸா என்று கவனியுங்கள். 100 என்றால் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்குப் பின்னால், 50 என்றால் கிரவுண்ட் லூப்பிலோ (கிரவுண்ட் கம்பிகள் வளையமாகிவிடுவது) டிரான்ஸ்ஃபார்மரின் அருகாமையிலோ தேட வேண்டும்.

"உயிர் இல்லை" என்ற கருத்துக்கு நீங்கள் பதில் எழுதக் கடமைப்படவில்லை. அவர் எதோடு ஒப்பிட்டார், இரண்டின் ஒலி அளவையும் மீட்டர் வைத்துச் சமமாக்கினாரா, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டாரா என்பதைச் சொன்னால் பேசலாம். ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலிப்பதையே நாம் எல்லோரும் "நன்றாக இருக்கிறது" என்று எண்ணிவிடுகிறோம்.

பதில் (திருநெல்வேலியிலிருந்து)

அண்ணா, நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவன். உங்கள் படத்தைப் பார்த்து ஒரு சேனல் செய்துவிட்டேன். இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். என் சாலிடரிங்தான் தவறு என்று நினைத்துக் கூச்சத்தில் இருந்துவிட்டேன். பாட்டு வைக்காமலேயே ஐந்து நிமிடத்தில், ஐசியின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கில் விரலை வைக்க முடியவில்லை. மேலே சொன்னபடி 1 ஓம் போட்டுப் பார்த்தேன், 210 மில்லிவோல்ட் காட்டுகிறது. படத்தை நீக்கிவிடாதீர்கள். நீங்கள் நீக்கினால், என்னிடம் இருக்கும் பிரதியைத் திருத்துவதற்கு எனக்கு வழி இருக்காது.

பதில் (திருச்சியிலிருந்து)

நான் நாற்பது ஆண்டுகள் ரேடியோ, டேப் ரெக்கார்டர் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவன். மேலே கோயம்புத்தூர் நண்பர் சொன்ன மின்னியல் அனைத்தும் சரி. ஆனால் கேள்வி கேட்டவர் கேட்டதில் பாதிக்குத்தான் அவர் பதில் சொல்லியிருக்கிறார்.

இங்கிலாந்தைச் சேர்ந்த வடிவமைப்பாளர் ஜான் லின்ஸ்லி ஹூட், தமது 10 வாட் கிளாஸ்-ஏ (டிரான்சிஸ்டர்கள் எப்போதும் மின்னோட்டத்தோடு இருக்கும் வகை) ஆம்ப்ளிஃபையரை 1969 ஏப்ரலில் ஒயர்லெஸ் வேர்ல்ட் என்ற அந்நாட்டு மின்னணு இதழில் வெளியிட்டார். ஆம்ப்ளிஃபையர் பகுதிக்கு நான்கே டிரான்சிஸ்டர்கள். அவர் படத்தை மட்டும் கொடுக்கவில்லை. எந்த ஸ்பீக்கருக்கு எந்த மதிப்புகள், எவ்வளவு மின்னோட்டம், அளந்தபோது என்ன கிடைத்தது என்பதையும் சேர்த்துக் கொடுத்தார். செய்து பார்த்தவர்களின் அனுபவங்களுக்குப் பிறகு, 1970இல் மாற்றங்களோடு அதே இதழில் மறுபடியும் எழுதினார். பிற்காலத்தில் 2என்3055 டிரான்சிஸ்டர் போட்டு அந்தச் சுற்றை நானும் செய்தேன். ஐம்பது ஆண்டுகள் கடந்தும் மக்கள் அதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். முதல் படம் குறையில்லாமல் இருந்ததால் அது நிலைத்ததாக நான் நினைக்கவில்லை. செய்பவர்கள் சரிபார்த்துக்கொள்ள எண்கள் இருந்தன, திருத்தம் வந்தபோது அதை எழுதியவரே சொன்னார்; அதனால் நிலைத்தது.

ஆகவே தம்பி, ஒவ்வொருவருக்கும் விளக்கம் எழுத வேண்டாம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதிவில், எதைச் சோதித்தேன், என்ன கிடைத்தது, எதை மாற்றினேன் என்று எழுதினால் போதும். பதில் எழுத அவசரப்படவும் வேண்டாம். மீட்டரை எடுத்த பிறகு எழுதுங்கள். பழைய படத்தின் மேல் "இதன்படி செய்ய வேண்டாம்" என்று காரணத்தோடும் தேதியோடும் எழுதி அங்கேயே வைத்திருங்கள், ஏனென்றால் அதன் பிரதிகள் ஏற்கெனவே பலரிடம் போய்விட்டன.

விமர்சித்தவர்களுக்கும் ஒரு சொல். குப்பை என்ற சொல்லைக் கொண்டு இந்தத் திருநெல்வேலிப் பிள்ளையால் எந்த மின்தேக்கியையும் இடம் மாற்ற முடியாது. டிரான்ஸ்மிட்டர் என்று எழுதியவர் "கெயின் 6, டேட்டாஷீட்டில் 10" என்று எழுதியிருந்தால் அதற்கும் ஒரு வரிதான் ஆகியிருக்கும், இந்த இரண்டு வாரங்களும் வீணாகியிருக்காது. பழுதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு அதைச் சொல்லத் தெரியாமல் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

கேள்வி கேட்டவர், ஒன்பது நாட்களுக்குப் பிறகு

அனைவருக்கும் நன்றி. திருநெல்வேலித் தம்பியின் பதிலைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. யாரோ எதையோ சொல்லிவிட்டார்கள் என்று நான் மனத்தாங்கலில் இருந்த நாட்களில், என் தவறு இன்னொருவர் மேசையில் சூடாகிக்கொண்டிருந்திருக்கிறது.

என் பலகையில் இடது சேனல் 190, வலது சேனல் 165 மில்லிவோல்ட் காட்டின. முதலில் மின்தேக்கிகளை மட்டும் கால்களுக்கு அடியில் நேரடியாகச் சாலிடர் செய்தேன்; 120, 110 என்று இறங்கின. கெயினை 21 ஆக மாற்றிய பிறகு 48, 51. ஹீட் சிங்க் இப்போது வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. பெட்டிக்கு எர்த் கொடுத்து, 10 ஓமும் டயோடுகளும் போட்டு, கிரவுண்டை ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்தேன். ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்தால் மட்டும் மெல்லிய 100 ஹெர்ட்ஸ் ஒலி கேட்கிறது, அதன் காரணத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

முதல் படத்தின் மேல் சிவப்பு எழுத்தில் காரணத்தை எழுதி வைத்துவிட்டேன். இரண்டாம் படத்தில் தேதி, அளந்த எண்கள், திருத்தம் சொன்னவர்கள் யார் என்ற விவரம் எல்லாம் இருக்கின்றன. டிரான்ஸ்மிட்டர் என்று எழுதியவருக்கும் தனியே நன்றி எழுதினேன். அவர் பிசிபியின் புது வரைவைப் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தம்பி, நீங்கள் புதுப் பலகை செய்ய வேண்டியதில்லை. இரண்டு மின்தடைகளையும் நான்கு மின்தேக்கிகளையும் மாற்றினால் போதும். எங்கே வைப்பது என்று படம் எடுத்துப் போட்டிருக்கிறேன்.

பதில் (திருநெல்வேலியிலிருந்து)

மாற்றிவிட்டேன் அண்ணா. 52 மில்லிவோல்ட். அரை மணி நேரமாகப் பாடுகிறது, ஹீட் சிங்க்கில் கையை வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். இரண்டாவது சேனலை இந்த வாரக் கடைசியில் தொடங்குகிறேன்.