பெரியவர்களுக்கு அலைனர்: திருகோணமலையில் யாரிடம் காட்டலாம்?

வணக்கம் உறவுகளே. உவர்மலையிலிருந்து எழுதுகிறேன், வயது 34. கீழ்வரிசை முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. நூல்கூட நுழையாத இடுக்குகளில் காரை படிந்து, முரசில் அடிக்கடி இரத்தம் கசிகிறது. ஆகவே இது அழகுக்காக மட்டும் அல்ல. ஆசிரியையாக நாள் முழுவதும் பிள்ளைகள் முன் பேசுவதால், கம்பிக்குப் பதிலாக நிறமற்ற அலைனர் (பற்களை மெல்ல நகர்த்தும், கழற்றி மாட்டக்கூடிய பிளாஸ்டிக் தட்டுகள்) போட விரும்புகிறேன்.

ஒவ்வொரு தட்டும் பல்லை ஏறத்தாழ 0.25 மில்லிமீட்டர்தான் நகர்த்துமாம். ஓரிரு வாரங்களுக்கு ஒருமுறை அடுத்த தட்டு. நாளொன்றுக்கு 20 முதல் 22 மணித்தியாலம் வாயில் இருக்க வேண்டும். சாப்பிடவும் தேநீர் குடிக்கவும் கழற்ற வேண்டும். என் பெரிய யோசனை இதுதான்: பாடசாலை இடைவேளைக்குள் சாப்பிட்டு, பல் துலக்கி, மணி அடிக்க முன்னர் திரும்பப் போடுவது நடைமுறையில் முடிகிறதா? ஆசிரியர்கள் யாராவது போட்டிருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.

முரசு நோயை முதலில் குணப்படுத்த வேண்டும் என்பது தெரியும். அதன்பின் திருகோணமலையிலோ மட்டக்களப்பிலோ பெரியவர்களுக்கு அலைனர் செய்யும் பற்சீரமைப்பு விசேட வைத்தியர் இருக்கிறாரா? கண்டிக்கோ கொழும்புக்கோதான் போக வேண்டுமா? பேராதனைப் பல் வைத்தியசாலையில் காட்டியவர்கள் எவ்வளவு காலம் காத்திருந்தீர்கள்? சொல்லப்படும் கட்டணத்தில், முடிந்தபின் பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் இரவில் அணியும் ரிடெயினரும் அடங்குமா?

வீட்டிலேயே அச்செடுத்துத் தபாலில் தட்டு அனுப்பும் சேவைகளைத் தயவுசெய்து பரிந்துரைக்க வேண்டாம். எக்ஸ்ரேயில் எலும்பைப் பார்க்காமல் பல்லை நகர்த்துவது ஆபத்து. வைத்தியர்களின் பெயர்களை உட்பெட்டியில் அனுப்பினாலும் போதும்.