மறு: பைப் ஆர்கன் – குழாயா, குழலா?

ஐயா, வணக்கம். பங்கு மலருக்கான வரைவில், கோயிலில் வாசிக்கும் பைப் ஆர்கனை (வரிசை வரிசையான குழல்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் பெரிய கட்டை வாத்தியம்) தமிழில் எப்படிச் சொல்வது என்பது பற்றி நீங்கள் எழுதியது:

> 'குழாய் ஆர்கன்' என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் தருமபுரிப் பக்கம் 'குழாய்' என்றால் ஒகேனக்கல் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்ற நினைப்புதான் முதலில் வரும். வேடிக்கை என்னவென்றால், இந்தக் கருவி பிறந்ததே தண்ணீரோடுதான். கிமு 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் கிடெசிபியஸ் செய்த ஆர்கனில், காற்றழுத்தம் ஏறி இறங்காமல் பிடித்துவைக்க நீர் இருந்தது. 757இல் பைசாந்தியப் பேரரசர் பிராங்கிய அரசர் பெப்பினுக்கு ஓர் ஆர்கனை அனுப்பியபோதும் அது அரண்மனைப் பொருள்தான். கிறிஸ்தவக் கோயிலுக்குள் நுழைந்தது அப்புறம். அங்கே துருத்திகளை ஆட்கள் ஏறி நின்று மிதித்தார்கள். குறுந்தொகைக் கொல்லனின் 'மிதிதோல்' இதற்கு அப்படியே பொருந்தும், அதை எடுத்துக்கொண்டேன்.

போன வாரம் நான் சொன்ன 'குழலணி'யைத் திரும்பப் பெறுகிறேன். "தலையில் வைக்கிறதா?" என்று வீட்டில் கேட்டுவிட்டார்கள். 'குழற்பேழை'யும் வேண்டாம், கோயிலில் நற்கருணைப் பேழை ஏற்கெனவே இருக்கிறது. எங்கள் கூத்துக்காரர்களுக்கு ஆர்மோனியம் 'பெட்டி'. ஆகவே 'குழல்பெட்டி'. எழும்பூர் புனித அந்திரேயா ஆலயத்தில் இருக்கும் அவ்வளவு பெரியதைப் பெட்டி என்பதா என்பீர்கள். ரயில் பெட்டியும் பெட்டிதானே!

உண்மையான சிக்கல் 'ஸ்டாப்' எனும் இழுகுமிழ். வரைவில் 'நிறுத்தம்' என்று போட்டிருக்கிறீர்கள். பேருந்து நிற்கும் இடம் போல இருக்கிறது, அதைவிடப் பொருளே தலைகீழ். அந்தக் குமிழை இழுத்தால் எதுவும் நிற்காது, ஒரு குழல் வரிசைக்குக் காற்று போக வழி திறக்கும். ஆனால் இழுத்ததும் சத்தம் வராது. விரலால் கட்டையை அழுத்தினால்தான் அதற்குரிய குழலின் அடியில் உள்ள சிறு கதவு திறந்து காற்று ஏறும். இரண்டும் திறந்திருக்க வேண்டும்.

பாரூர் ஏரிப் பாசனத்தில் நிலம் உள்ளவருக்கு இதை விளக்கவே வேண்டாம். மதகைத் தூக்கிவிட்டால் மட்டும் வயல் நனையாது, வயலுக்குத் தண்ணீர் நுழையும் வாயான வாமடையையும் வெட்டிவிட வேண்டும். தேங்கிய காற்றுதான் ஏரி, ஸ்டாப் மதகு, கட்டைக்கடியில் இருப்பது வாமடை. '8 அடி மதகு' என்றால் அந்த வரிசையின் மிக நீளமான குழல் சுமார் 8 அடி. '16 அடி மதகு' ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். சொல்லிப் பாருங்கள், வாயில் உட்காருகிறது.

'கீ'க்கு வைத்த 'கட்டை'யை மாற்றாதீர்கள். ஐந்தரைக் கட்டையில் பாடும் ஊரில் 'விசை' எதற்கு?

பெடலுக்கு 'மிதிகட்டை' வைத்திருக்கிறேன். பிசகாகப் பட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். திங்களன்று பங்கு மலர் அச்சுக்குப் போகிறது.

போச்சம்பள்ளியிலிருந்து,
உங்கள் மாணவன்