பருத்திக்கும் ஆளிக்கும் பொதுவா ஒரு சொல் வேணும் (வெள்ளிக்கிழமைக்குள்ள)

எல்லாருக்கும் வணக்கம். நார், நூல் பத்தி பள்ளிப் பிள்ளைங்களுக்கு ஒரு சின்ன புத்தகம் மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். பருத்தி, ஆளி (இங்கிலீஷ்ல flax, லினன் துணிக்கு நார் தர்ற செடி) ரெண்டுலயும் விதை இருக்கிற உருண்டைக்கு இங்கிலீஷ்ல 'போல்' (boll)னு ஒரே பேரு. 'பஞ்சுக்கூடு' போடலாமா?
— தரமணி

பஞ்சுக்கூடு ஆளிக்கு ஒத்து வராதும்மா. பருத்தியில நார் விதைத்தோல் மேல முளைக்குது. ஆளியில நார் தண்டுல இருக்கு, லினன் துணி அதுலேர்ந்துதான், உருண்டைக்குள்ள வெறும் விதை, அஞ்சு அறையில மிஞ்சிப்போனா 10. தாவரவியல் பாடத்துல 'உலர்வெடிகனி' இருக்கே, அதையே போடுங்க.
— அண்ணா நகர்

ஐயா, வெடிக்கிறது பருத்தி. பயிர் பண்ற ஆளி பெரும்பாலும் முத்தினாலும் மூடியேதான் இருக்கும், ஆட்டினா உள்ள விதை கலகலங்கும். 'நெற்று' போடுங்க அக்கா, நல்ல தமிழ்.
— அம்பத்தூர்

நெற்றுன்னா காய்ஞ்சது தம்பி, பச்சையா இருக்கும்போது என்ன சொல்வீங்க? என் கணக்குல 'போல்' நம்ம 'பொள்' வேர்தான், பொள்ளல், பொந்து, பொதி, பொட்டலம்னு எல்லாம் ஒரே குடும்பம், உள்ள இடம் விட்டு மூடினது. வெடிச்சாலும் வெடிக்காட்டியும் 'பொதிகாய்' பொருந்தும்.
— மயிலாப்பூர்

'போல்'ங்கிற இங்கிலீஷ் சொல் டச்சுக்காரங்க 'போல்ல'வுக்கு உறவு, உருண்டைன்னு பொருள், பொள்ளலை அதுல ஏத்தாதீங்க ஐயா. விவசாயி வாயில இருக்கிறதை விட்டுட்டு எதுக்குப் புதுசு? மொட்டு சப்பை, அப்புறம் காய், அதைத் துளைக்கிறது காய்ப்புழு. தொல்காப்பியர் மரபியல்லயே 'காயே பழமே'ன்னு வெச்சுட்டாரு.
— தாம்பரம்

மெட்ராஸ் பிள்ளைக்கு காய்னா கோயம்பேடு மார்க்கெட் சார். எங்கப்பா பெரம்பூர் பின்னி மில்லுல வேலை பார்த்தவர், அங்க வந்ததே பேல்தான் (அமுக்கிக் கட்டின பஞ்சு மூட்டை), இந்த உருண்டையை அவரே பார்த்ததில்ல. ஆளின்னாலும் தெரியாது, ஆனா கிரிக்கெட் பேட்டுக்குத் தடவுற லின்சீட் ஆயில் அதுதான்னு சொன்னா சேப்பாக்கம் பசங்க உடனே புரிஞ்சுப்பாங்க, அதை அடிக்குறிப்புல கண்டிப்பா சேருங்கம்மா.
— வியாசர்பாடி

படம் பக்கத்துலயே இருக்குங்க, அதனால கத்திரிக்காயோட குழம்ப மாட்டாங்க. எனக்குத் தனியா எழுதியவங்கள்ல நாலு பேர் காய் பக்கம். பருத்திக்காய், ஆளிக்காய்னு போட்டு, முதல் தடவை வர்ற இடத்துல 'விதை பொதிந்த காய்'னு விளக்கம் கொடுத்து அனுப்புறேன். பேட் எண்ணெயும் சேர்த்தாச்சு.
— தரமணி

விளக்கத்துல பொதி வந்துடுச்சே, அதைச் சொல்லாவே வெச்சா என்ன? ரெண்டு செடிக்கும் பொதுவா ஒரு சொல் கேட்டீங்க, இப்போ ரெண்டு சொல் அச்சுக்குப் போகுது. எனக்குச் சம்மதமில்ல.
— மயிலாப்பூர்