27 குறியீட்டில் முட்டி நின்ற என் விக்கி

மைக்கூடு:
குறிப்புகள் நாலு இடத்தில் சிதறிக் கிடக்கின்றனவே என்று சொந்த சர்வரில் ஒரு விக்கி போட்டேன். விக்கிப்பீடியாவில் ஓடும் மீடியாவிக்கிக்கு டேட்டாபேஸ் வேண்டும், ஓர் ஆளின் குறிப்புக்கு அது அதிகம். அதனால் டேட்டாபேஸ் கேட்காத டோக்குவிக்கி. ஆண்ட்ரியாஸ் கோர் 2004-ல் தொடங்கியது. சர்வரில் பிஎச்பி என்ற நிரல்மொழி ஓடினால் போதும், பக்கத்துக்கு ஒரு டெக்ஸ்ட் ஃபைல். நிறுவுவதில் சொல்ல ஒன்றுமில்லை. முடிந்ததும் இன்ஸ்டால் ஃபைலை அழித்துவிடுங்கள், அவ்வளவுதான்.

வினை தமிழ்த் தலைப்பில் வந்தது. சின்னத் தலைப்பென்றால் சேமிக்கிறது, நீளமாக வைத்தால் எழுத முடியவில்லை என்று பிழை. ஃபைலில் எழுதும் அனுமதியில் (பெர்மிஷன்) கோளாறு என்று நினைத்து ஒரு ராத்திரி முழுக்க அதையே மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில்தான் பக்கங்கள் இருக்கும் பேஜஸ் ஃபோல்டரைத் திறந்தேன். ஃபைல் பெயரெல்லாம் ஒரே சதவீதக் குறி!

எழுத்துகளைக் கணினியில் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட். டோக்குவிக்கி இயல்பாக ஃபைல் பெயரை யூஆர்எல் (இணைய முகவரி) முறையில் எழுதுவதால் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு சேர்த்து 3 எழுத்தாகி, மொத்தம் 9. லினக்ஸில் ஃபைல் பெயருக்கு 255 பைட்தான் இடம். டிஎக்ஸ்டி என்ற வாலைக் கழித்தால் 27 குறியீடு. அதிலும் 'க்' என்றால் ககரம் ஒன்று, புள்ளி ஒன்று, ஆக இரண்டு. நம் மெய்யெழுத்துகளுக்கு இது கட்டுப்படியாகுமா?

அமைப்புகளில் ஃபைல் பெயர் குறியாக்கத்தை யூடிஎஃப்-8 ஆக்கியதும் 83 வரை இடம் கிடைத்தது. ஆனால் பழைய பக்கங்கள் அத்தனையும் 'இல்லை' என்றன! பேஜஸ், மெட்டா, பழைய பதிப்புகள் இருக்கும் ஆட்டிக், மூன்றிலும் பெயர்களைத் திருப்பி எழுத ஒரு ஸ்கிரிப்ட் போட்டுத்தான் மீட்டேன். முதல் பக்கம் எழுதும் முன்பே மாற்றியிருக்க வேண்டியது.

ஆந்தை:
நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். ராப் என்ற ப்ளகின் (டோக்குவிக்கியில் சேர்க்கும் துணை நிரல்) போடும் பெட்டியின் நிறம் பிடிக்காமல், தோற்றத்தை வகுக்கும் அதன் சிஎஸ்எஸ் ஃபைலிலேயே கை வைத்தேன். அடுத்த அப்டேட்டில் எல்லாம் துடைத்துப் போட்டாற்போல் போயிற்று. தப்பு என்னுடையதுதான். அமைப்புகள் இருக்கும் கான்ஃப் ஃபோல்டரில் யூசர்ஸ்டைல் என்று ஒரு சிஎஸ்எஸ் ஃபைல் வைத்தால் அப்டேட் அதைத் தொடாது. இப்போது அங்கேதான் எழுதுகிறேன்.

நத்தை:
சொந்தமாகவே ஒரு ப்ளகின் எழுதினேன், இன்றைய தேதியைக் காட்ட. முதல் நாள் சரி. மறுநாளும் அதே தேதி! சர்வர் கடிகாரத்தைச் சந்தேகித்தேன், பாவம். ஒரு முறை உருவாக்கிய பக்கத்தை டோக்குவிக்கி கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்துக்கொண்டு அதையே திரும்பக் கொடுக்கிறது. தேதியைப் பக்கத்தில் எழுதும் என் ரெண்டர் ஃபங்ஷன் மறுநாள் ஓடவே இல்லை. அதற்குள் நோகேஷ் என்ற ஃபங்ஷனை அழைத்த பிறகுதான் தேதி நகர்ந்தது. அந்தப் பக்கம் இப்போது கொஞ்சம் மெதுவாகத் திறக்கும், பரவாயில்லை.

ஒன்று கேட்க வேண்டும் மைக்கூடு, உங்கள் வெப் சர்வர் அப்பாச்சியா, என்ஜின்எக்ஸா? பக்கங்கள் இருக்கும் டேட்டா ஃபோல்டரை வெளியாட்களிடமிருந்து மறைக்கும் ஹெச்டிஅக்சஸ் ஃபைலை என்ஜின்எக்ஸ் கண்டுகொள்ளாது.

மைக்கூடு:
என்ஜின்எக்ஸ்தான். பிரௌசரில் அந்த ஃபோல்டரில் உள்ள ஒரு ஃபைலின் முகவரியை அடித்துப் பார்த்தேன், என் குறிப்பு அப்படியே திறந்தது. டேட்டா, கான்ஃப் இரண்டையும் அடைத்துவிட்டு வருகிறேன்.